1814க்கு அப்புறம் பிரான்ஸ்ல ஆட்சி மாறிட்டே இருந்த கதைய குழப்பமில்லாம மனசுல நிறுத்திக்கறது எப்படி

ஒரு பொண்ணு மூவர்ணக் கொடிய தூக்கிப் பிடிச்சு, செத்துக் கிடக்கறவங்கள தாண்டி முன்னால வர்ற டெலாக்ரோவா ஓவியம் எல்லாருக்கும் தெரியும். பிரெஞ்சுப் புரட்சின்னு தேடினா முதல்ல வந்து நிக்கறதே அதுதான். ஆனா அதுல இருக்கறது 1789 இல்ல, 1830 ஜூலை 28. பாரிஸ்ல பாஸ்டில் சதுக்கத்துல நிக்கற தூணும் அப்படித்தான், பழைய சிறைய இடிச்சதுக்காக வச்சதுன்னு தோணும், அதுல பொறிச்சிருக்கற பேரெல்லாம் 1830 ஜூலையில செத்தவங்க பேரு. அதாவது நாம ஒரே புரட்சின்னு நெனச்சிட்டு இருக்கறதுக்குள்ள ரெண்டு மூணு புரட்சி கலந்து கிடக்கு.

நம்ம பாடப்புத்தகத்துல ரோபஸ்பியர், நெப்போலியன், வாட்டர்லூ வரைக்கும் வந்துட்டு பிரான்ஸ் முடிஞ்சிரும். அதுக்கப்புறம் படிக்க உக்காந்தா ராஜா, மறுபடி பேரரசன், மறுபடி அதே ராஜா, வேற ராஜா, குடியரசு, பேரரசு, குடியரசுன்னு போய்ட்டே இருக்கு, நிறைய பேரு இந்த இடத்துலதான் புத்தகத்த மூடி வச்சிடறாங்க. மூடாதீங்க. ஓட்டுரிமை, ஜனாதிபதி தேர்தல், அரசியல் சாசனத்த ஓரங்கட்டற ராணுவப் புரட்சி, மக்கள் வாக்கெடுப்ப வச்சே சர்வாதிகாரம் கட்டறதுன்னு இன்னிக்கு உலகம் பேசற பல விஷயத்துக்கு இந்த அறுபது வருஷத்துல உதாரணம் இருக்கு. டிஎன்பிஎஸ்சி, யூபிஎஸ்சிக்கு படிக்கறவங்களுக்கும் சரி, சும்மா ஆர்வத்துல படிக்கறவங்களுக்கும் சரி, நான் சொல்ற முறை ரொம்ப சிம்பிள், ஒரு பெரிய தாளும் மூணு கேள்வியும் போதும்.

மொதல்ல ஒண்ண பிரிச்சு வச்சுக்கங்க, ஆட்சிமுறை மாறறது வேற, மந்திரிசபை கவிழறது வேற. இத கலந்துட்டா கதை முழுக்க சிக்கலாயிடும். மூன்றாம் குடியரசுல ஒரு மந்திரிசபை சராசரியா ஒரு வருஷம்கூட தாங்கல, ஆனா அந்தக் குடியரசு 1870லிருந்து 1940 வரைக்கும் நின்னுச்சு, 1789க்கு அப்புறம் அதுக்கு முன்னாடி வந்த எந்த ஆட்சிமுறையும் 20 வருஷம் தாண்டல. நேர்மாறா 1830ல ராஜாவான லூயி ஃபிலிப் காலத்த பாருங்க, 1840 அக்டோபர்லிருந்து 1848 பிப்ரவரி வரைக்கும் மந்திரி கிஸோ கையிலதான் எல்லாம், மந்திரிசபை ஆடாம அசையாம இருந்துச்சு, ராஜாங்கமே மொத்தமா விழுந்துருச்சு. மந்திரிசபை மாத்தறதுக்கு வழி இல்லாத இடத்துலதான் ஆட்சிமுறையே மாறுதுன்னு எனக்கு உறுதியா தோணுது. அதனால தாள்ல ஆட்சிமுறைக்கு மட்டும் கட்டம் போடுங்க, பிரதமர் பேரெல்லாம் கட்டத்துக்குள்ள பென்சில்ல எழுதினா போதும்.

கட்டம் பிரிக்கற கோடு எங்க எங்கன்னா 1814-15, 1830, 1848, 1851-52, 1870. அதுக்கப்புறம் 1871லிருந்து 1879 வரைக்கும் ஒரே அகலமான கட்டமா விடுங்க, அங்கதான் எழுத வேண்டியது அதிகம்.

அடுத்து குடும்பம். மூணே குடும்பம்தான். மூத்த பூர்போன் கிளையில பதினாறாம் லூயி, அவரோட தம்பிங்க பதினெட்டாம் லூயி, பத்தாம் சார்ல்ஸ், ஆக அண்ணன் தம்பி மூணு பேருமே ராஜா. நடுவுல பதினேழாவது எங்கன்னு கேப்பீங்க, அது பதினாறாம் லூயியோட சின்னப் பையன், 1795ல பத்து வயசுல சிறையிலயே செத்துப்போச்சு, ஒரு நாள்கூட ஆளல, ஆனாலும் ராஜ விசுவாசிங்க எண்ணிக்கையில சேத்துக்கிட்டாங்க. ஓர்லியான் குடும்பம் அதே வம்சத்துப் பங்காளிங்க, பங்காளிப் பகை எவ்வளவு ஆழம்னா லூயி ஃபிலிப்போட அப்பா 1793 ஜனவரில பதினாறாம் லூயிய கொல்லணும்னு ஓட்டுப் போட்டாரு, அதே வருஷம் நவம்பர்ல அவரு தலையும் கில்லட்டின்ல போச்சு. இத ஞாபகம் வச்சுக்கிட்டா 1873ல முடியாட்சிக்காரங்க ஏன் கடைசி வரைக்கும் ஒண்ணா நிக்க தடுமாறினாங்கன்னு தனியா விளக்கவே வேண்டாம். மூணாவது போனபார்ட் குடும்பம், மூன்றாம் நெப்போலியன் மொத நெப்போலியனோட பேரன் இல்ல, தம்பி மகன். ரெண்டாவதுங்கறது மொதல்வரோட மகன், 1832ல வியன்னாவுல இருபத்தியோரு வயசுல செத்தவன்.

இப்ப மூணு கேள்வி. ஒவ்வொரு கோட்டுலயும் இத கேட்டு எழுதுங்க. அந்த ஆட்சியில ஓட்டு யாருக்கு இருந்துச்சு? விழுந்த அன்னிக்கு தேசிய காவல்படை எந்தப் பக்கம் நின்னுச்சு? அடுத்து வந்தவன் பழசுல எத கைவைக்காம விட்டான்? ரெண்டாவது கேள்வி ஏன்னா, தேசிய காவல்படைங்கறது சம்பளத்துக்கு இருக்கற ராணுவம் இல்ல, கடைக்காரங்க, கணக்கர், தொழில் பட்டறை வச்சிருக்கறவங்கன்னு பாரிஸ்ல வாழற சாதாரண நடுத்தர மக்கள் யூனிஃபார்ம் போட்டு துப்பாக்கி தூக்கற படை. அவங்க மனசு எந்தப் பக்கம் சாயுதோ பாரிஸ் அந்தப் பக்கம் சாயும். தேதிய மனப்பாடம் பண்றத விட இந்தப் படைய பின்தொடர்ந்து போனா கதை தானா புரியும்.

1814ல ஆரம்பிங்க. பதினெட்டாம் லூயி திரும்பி வந்து ஒரு சாசனம் குடுக்கறாரு, நடுவுல 1815 மார்ச்ல நெப்போலியன் எல்பாவுலிருந்து வந்து நூறு நாள் ஆண்டு ஜூன் 18 வாட்டர்லூவுல தோத்துப் போறாரு, ஜூலையில ராஜா மறுபடி வர்றாரு. ஓட்டு? 30 வயசுக்கு மேல, வருஷத்துக்கு 300 ஃபிராங்க் நேரடி வரி கட்டற ஆம்பளைங்களுக்கு மட்டும். சுமார் மூணு கோடி பேரு இருந்த நாட்டுல ஓட்டு இருந்தது சுமார் ஒரு லட்சம் பேருக்கு. எத விட்டு வச்சாங்கன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும், நெப்போலியனோட 1804 சிவில் சட்டம் அப்படியே இருந்துச்சு, மாவட்டத்த ஆள மத்திய அரசே அதிகாரிய நியமிக்கற, 1800ல அவரு போட்ட ப்ரிஃபெக்ட் முறை அப்படியே இருந்துச்சு, புரட்சியில பறிச்சு வித்த சர்ச் நிலத்த வாங்கினவங்களுக்கே உரிமைன்னு சாசனத்துலயே எழுதிட்டாங்க. (நம்ம ஊருக்கும் இங்க ஒரு தொடர்பு இருக்கு, ஆங்கிலேயர் பிடிச்சு வச்சிருந்த புதுச்சேரி 1816ல பிரான்ஸுக்குத் திரும்பினது இந்த ராஜா காலத்துலதான்.)

1824ல பத்தாம் சார்ல்ஸ் வந்தாரு. பழைய பாணியில ரைம்ஸ் நகரத்துல முடிசூட்டிக்கிட்டாரு, புரட்சியில சொத்த இழந்த பிரபுக்களுக்கு நஷ்ட ஈடு குடுத்தாரு. இதுல நீங்க கோடு போட்டு வைக்க வேண்டியது 1827 ஏப்ரல். அணிவகுப்புல தேசிய காவல்படைக்காரங்க மந்திரிங்களுக்கு எதிரா கோஷம் போட்டாங்கன்னு படையவே கலைச்சாரு, ஆனா துப்பாக்கிய திருப்பி வாங்கல. அது எல்லாம் வீட்டு மூலையில பத்திரமா இருந்துச்சு. மூணு வருஷம் கழிச்சு, அல்ஜியர்ஸ பிடிச்ச தெம்புல ராஜா 1830 ஜூலை 25ம் தேதி நாலு அவசர ஆணையில கையெழுத்துப் போட்டாரு, பத்திரிகைக்கு தடை, புதுசா தேர்ந்தெடுத்த சபை கூடறதுக்கு முன்னாடியே கலைப்பு, வியாபார வரிய ஓட்டுக் கணக்குல சேத்துக்கக் கூடாதுன்னு ஒரு விதி, புதுத் தேர்தல். அந்த மூணாவது விதி யார வெட்டுதுன்னு பாருங்க, வியாபாரிய, பட்டறை முதலாளிய. அவங்க கதவ சாத்தினாங்க, வேலையில்லாம தெருவுக்கு வந்த தொழிலாளிங்க, அச்சகத்துக்காரங்க கூடவே கலைச்சுவிட்ட காவல்படைக்காரங்களும் பழைய யூனிஃபார்ம மாட்டிட்டு வந்தாங்க, ஜூலை 27, 28, 29 மூணே நாளு, முடிஞ்சுது.

அந்த இடத்துல குடியரசு வந்திருக்கலாம். வரல, நகரமன்ற மாடியில, 1789 புரட்சியிலயே பேர் வாங்கின வயசான தளபதி லஃபாயெத் மூவர்ணக் கொடியோட லூயி ஃபிலிப்ப கட்டிப்பிடிச்சு கூட்டத்துக்கு காட்டினதோட பங்காளி வீட்டுக்கு முடி போச்சு. பிரான்ஸின் ராஜாங்கற பட்டம் போய் பிரெஞ்சுக்காரர்களின் ராஜான்னு ஆச்சு, வெள்ளைக் கொடி போய் மூவர்ணம் வந்துச்சு, சாசனத்த திருத்தி வச்சுக்கிட்டாங்க. ஓட்டு 200 ஃபிராங்க் வரிக்கு இறங்குச்சு, அப்பவும் ரெண்டு லட்சத்த கூட தொடல, 1840கள் கடைசியிலதான் ரெண்டே கால் லட்சத்த தாண்டுச்சு. லியோன்ல பட்டு நெசவாளிங்க 1831லயும் 1834லயும் எழுந்தாங்க, ரெண்டு தடவையும் ராணுவம் அடக்குச்சு.

1848 கட்டத்துக்கு நிறைய இடம் விடுங்க, எல்லாத்துலயும் முக்கியமான வருஷம் இதுதான்னு நான் சொல்வேன். ரெண்டு வருஷமா விளைச்சல் போச்சு, உருளைக்கிழங்கு நோய், ரொட்டி விலை ஏறிடுச்சு. அரசியல் கூட்டம் போடத் தடை இருந்ததால எதிர்க்கட்சிக்காரங்க காசு வாங்கி விருந்துன்னு வச்சு அதுல பேசினாங்க, 1848 பிப்ரவரி 22ல பாரிஸ்ல நடக்க இருந்த விருந்த அரசாங்கம் தடுத்துச்சு. காவல்படைய கூப்பிட்டாங்க, வந்தவங்க சீர்திருத்தம் வேணும்னு கத்தினாங்க, அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கே ஓட்டு கிடையாது. ராஜா பயந்து 23ம் தேதி கிஸோவ அனுப்பிட்டாரு, அதோட முடிஞ்சிருக்கும், ஆனா அன்னிக்கு ராத்திரி கப்புசின் சாலையில சிப்பாய்ங்க சுட்டதுல ஐம்பது பேரு அளவுக்கு செத்தாங்க, சில உடல்கள வண்டியில ஏத்தி தீப்பந்தம் பிடிச்சு பாரிஸ் தெருத்தெருவா கொண்டு போனாங்க, விடியறதுக்குள்ள எங்க பாத்தாலும் தடுப்பரண். 24ம் தேதி ராஜா முடிய துறந்தாரு. அரண்மனைக்குள்ள புகுந்த ஜனங்க சிம்மாசனத்த தூக்கிட்டுப் போய் பாஸ்டில் சதுக்கத்துல, அந்த ஜூலைத் தூணுக்கு கீழ வச்சு எரிச்சாங்க.

வந்த இடைக்கால அரசு ஒரே அடியா எல்லா ஆம்பளைக்கும் ஓட்டுன்னு அறிவிச்சுது. ரெண்டரை லட்சத்துக்கும் குறைவா இருந்த வாக்காளர் 90 லட்சத்த தாண்டினாங்க. ஏப்ரல் 27ல காலனிகள்ல அடிமைமுறை ஒழிஞ்சுது. ஏப்ரல் 23 ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை தேர்தல், கிராமத்துக்காரங்க ஊரோட சேந்து வரிசையா வட்டத் தலைமை ஊருக்கு நடந்து போய் ஓட்டுப் போட்டாங்க. இங்கதான் படிக்கறவங்க தடுக்கி விழுவாங்க, எல்லாருக்கும் ஓட்டு குடுத்தா புரட்சிக்காரங்க ஜெயிப்பாங்கன்னு எதிர்பார்ப்போம். கிராமம் ஓட்டுப் போட்டது மிதவாதிக்கும் பழைய பெரிய மனுஷங்களுக்கும். புதுக் குடியரசு நேரடி வரி மேல ஃபிராங்குக்கு 45 சாந்தீம் கூடுதல் வரி போட்டிருந்துச்சு, பாரிஸ்ல வேலையில்லாதவங்களுக்கு நடத்தின தேசியப் பட்டறைக்காக எங்க பாக்கெட்டுல கைவைக்கறாங்கன்னு விவசாயி நெனச்சாரு. ஜூன்ல அந்தப் பட்டறைய மூடப் போறாங்கன்னதும் கிழக்கு பாரிஸ் எழுந்துச்சு, 23லிருந்து 26 வரைக்கும் ஜெனரல் கவேன்யாக் அடக்கினாரு, ஆயிரக்கணக்குல செத்தாங்க. ரெண்டாவது கேள்விக்கு பதில் இங்க ரெண்டா உடையுது, பணக்கார மேற்குப் பகுதி காவல்படை அரசாங்கத்தோட, ஏழை கிழக்குப் பகுதி படையில பல பேரு தடுப்பரணுக்கு அந்தப் பக்கம், வெளியூர் காவல்படை ரயில்ல வந்து இறங்குச்சு. குடியரசு தன்ன பெத்த ஆளுங்களையே சுட்டுது, அதனால மூணு வருஷம் கழிச்சு அது சாகும்போது காப்பாத்த பாரிஸ் தொழிலாளிங்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேருதான் வந்தாங்க.

டிசம்பர் 10 ஜனாதிபதி தேர்தல். லூயி நெப்போலியனுக்கு (பின்னால மூன்றாம் நெப்போலியன் ஆனவரு இவருதான்) 54 லட்சம் ஓட்டு, நூத்துக்கு 74. கவேன்யாக்குக்கு 14 லட்சம் சொச்சம். பிப்ரவரியில குடியரசோட முகமா இருந்த கவிஞர் லமார்த்தினுக்கு இருபதாயிரம் அளவுக்குத்தான். சாசனப்படி நாலு வருஷம், தொடர்ந்து மறுபடி நிக்க முடியாது. நாடாளுமன்றம் 1850 மே மாசம் குடியிருப்பு விதி ஒண்ண கொண்டாந்து முப்பது லட்சம் பேரு அளவுக்கு ஓட்ட பறிச்சுது, நெப்போலியன் அத பிடிச்சுக்கிட்டாரு. 1851 டிசம்பர் 2 விடியக்காலையில தலைவருங்கள படுக்கையிலயே கைது, சுவரெல்லாம் போஸ்டர், அதுல எல்லாருக்கும் ஓட்ட திருப்பித் தர்றேன்னு எழுதியிருந்துச்சு. காவல்படைய கூப்பிடவே இல்ல, வீட்டுலயே உக்கார வச்சாங்க. போடான்னு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் தடுப்பரண்ல செத்தாரு, தெற்கு கிராமங்கள் ஆயுதத்தோட எழுந்துச்சு, 26,000க்கும் மேல கைது, விக்டர் ஹ்யூகோ நாட்ட விட்டுப் போய் 1870லதான் திரும்பினாரு. அடுத்த வருஷம் அதே டிசம்பர் 2ல பேரரசு. அந்தத் தேதி 1804ல மொத நெப்போலியன் முடிசூட்டின நாள், 1805ல ஆஸ்டர்லிட்ஸ்ல ஜெயிச்ச நாள், ஆக ஒரு தேதிய தெரிஞ்சுக்கிட்டா நாலு சம்பவம் கைக்கு வந்துரும்.

இரண்டாம் பேரரசுல ஹௌஸ்மான் பாரிஸ இடிச்சுக் கட்டினது, ரயில், வங்கி எல்லாம் பெரிய கதை, ஆட்சி மாற்றத்துக்காக படிக்கறப்ப வேகமா தாண்டிப் போகலாம். ஒண்ணு மட்டும் விடாதீங்க, 1870 மே 8 வாக்கெடுப்புல 73 லட்சம் பேரு பேரரசுக்கு ஆமான்னு சொன்னாங்க, நாலு மாசத்துல பேரரசு இல்ல. ஜூலையில பிரஷ்யா மேல போர், செப்டம்பர் 2 செடான்ல பேரரசரே சரண், 4ம் தேதி பாரிஸ்ல குடியரசுக் கட்சிக்காரர் கம்பெத்தாவும் மத்தவங்களும் குடியரச அறிவிச்சாங்க, காவல்படை கூட்டத்தோடயே நடந்து போச்சு, ரத்தமே சிந்தல.

அகலமான கட்டத்துக்கு வாங்க. 1871 பிப்ரவரி தேர்தல்ல கிராமம் போர் போதும்னு ஓட்டுப் போட்டதால முடியாட்சிக்காரங்க பெரும்பான்மையா வந்தாங்க, பிரஷ்யா முற்றுகையில பட்டினி கிடந்த பாரிஸ் அத ஏத்துக்கல. மார்ச் 18 விடியக்காலையில மோன்மார்த்ர் மேட்டுல இருந்த காவல்படை பீரங்கிய எடுக்க ராணுவம் போச்சு, இழுக்கறதுக்கு குதிரை நேரத்துக்கு வரல, அந்த இடைவெளியில பொம்பளைங்க திரண்டு சிப்பாய்ங்கள சூழ்ந்துக்கிட்டாங்க, சுடச் சொன்னதுக்கு சிப்பாய்ங்க சுடல. இந்தத் தடவ காவல்படை யார் பக்கம்னு கேக்க வேண்டியதில்ல, காவல்படையேதான் ஆட்சி, அதுதான் பாரிஸ் கம்யூன். மே 21லிருந்து 28 வரைக்கும் வெர்சாய்க்குப் போயிருந்த அரசாங்கத்தோட ராணுவம் உள்ள புகுந்து கொன்னது ஆயிரமாயிரமா. அந்த வருஷமே காவல்படைய நிரந்தரமா கலைச்சாங்க. அதுக்கப்புறம் பாரிஸ் தெருவுல எழுந்து ஆட்சிய மாத்தற கதை பழைய மாதிரி நடக்கலங்கறத அந்தக் கட்டத்துல பெருசா எழுதுங்க.

பெரும்பான்மை இருந்தும் ஏன் ராஜா வரல? மூத்த கிளை வாரிசு ஷாம்போர் கோமகன், பத்தாம் சார்ல்ஸோட பேரன், பிள்ளை இல்லாதவரு. அவரு ஆளட்டும், அவருக்கப்புறம் பங்காளி வீட்டு வாரிசுன்னு சமரசமே ஆயிடுச்சு. ஆனா மூவர்ணக் கொடிய ஏத்துக்க மாட்டேன், வெள்ளைக் கொடிதான்னு 1871லயும் 1873 அக்டோபர்லயும் எழுதியே சொல்லிட்டாரு. வேற வழி இல்லாம மார்ஷல் மக்மஹோனுக்கு ஏழு வருஷ ஜனாதிபதி பதவி குடுத்து காத்திருந்தாங்க. 1875 ஜனவரி 30ல வாலோன் திருத்தம், குடியரசின் ஜனாதிபதிங்கற வார்த்தை சட்டத்துக்குள்ள நுழைஞ்சது 353க்கு 352, ஒரே ஓட்டு. 1877 மே 16ல மக்மஹோன் பிரதமர போகச் சொல்லி சபையையும் கலைச்சாரு, அக்டோபர்ல மக்கள் குடியரசுக்காரங்களையே திருப்பி அனுப்பினாங்க, 1879 ஜனவரில மக்மஹோன் ராஜினாமா. 1848ல குடியரச நம்பாத அதே கிராமம் முப்பது வருஷத்துல அது பக்கம் வந்ததுதான் இந்தக் கதையிலயே பெரிய மாற்றம், துப்பாக்கிச் சத்தம் இல்லாததால புத்தகங்கள்ல ரெண்டு வரியில போயிடுது. (1848ல கிடைச்சு பறிபோன பிரெஞ்சு நாடாளுமன்றப் பிரதிநிதித்துவம் புதுச்சேரிக்கு திரும்பக் கிடைச்சதும் இந்தக் காலத்துலதான், 1871ல.)

தாள் நிரம்பிட்டா சரியா ஏறியிருக்கான்னு பாக்க ஒரே ஆள எடுத்து எல்லாக் கட்டத்துலயும் நடத்திப் பாருங்க, அதுக்கு தியேர் மாதிரி ஆள் கிடையாது. 1830ல பத்திரிகைக்காரரா அவசர ஆணைய எதிர்த்து எழுதினாரு, லூயி ஃபிலிப் கிட்ட பிரதமரா இருந்தாரு, 1840கள்ல பாரிஸ சுத்தி கோட்டை கட்ட வச்சாரு. 1848 பிப்ரவரில ராஜா கடைசி நேரத்துல கூப்பிட்டப்ப, பாரிஸ விட்டு வெளிய போங்க, படையோட திரும்பி வந்து பிடிக்கலாம்னு யோசனை சொன்னாரு, ராஜா கேக்கல. 1851ல நெப்போலியன் இவர கைது பண்ணினாரு. 1871 மார்ச் 18ல அரசாங்கத் தலைவர் இவருதான், அன்னிக்கே பாரிஸ விட்டு வெர்சாய் போய் படையோட திரும்பி வந்தாரு, உள்ள நுழைய தாண்ட வேண்டியிருந்தது இவரே கட்டின கோட்டைய. புத்தகத்த பாக்காம இந்த ஆறு வரியையும் வருஷத்தோட சொல்ல முடிஞ்சா உங்களுக்கு கதை வந்துருச்சு.

அதுக்கு மேல போகணும்னா இன்னும் ரெண்டு கோடு. 1940 ஜூலை 10 விஷி நகரத்துல நாடாளுமன்ற உறுப்பினருங்க 569 பேரு மார்ஷல் பெத்தாங்குக்கு முழு அதிகாரம் குடுக்க ஓட்டுப் போட்டாங்க, 80 பேரு எதிர்த்தாங்க. 1946ல நாலாவது குடியரசு, அல்ஜியர்ஸ் கலகத்தால 1958ல அது போய் தெகால் கொண்டாந்த அஞ்சாவது. காவல்படை கேள்வி இங்க செல்லாது, அதுக்கு பதிலா ராணுவம்னு போட்டுக்கங்க. ஓட்டுக் கேள்வி மட்டும் அப்படியே செல்லும். எல்லாருக்கும் ஓட்டுன்னு 1848ல சொன்னப்ப விட்டுப்போன பொம்பளைங்களுக்கு உரிமை வந்தது 1944ல, மொத ஓட்டு 1945ல. ஜனாதிபதிய மக்கள் நேரடியா தேர்ந்தெடுக்கறதுல பிரெஞ்சு குடியரசுக்காரங்களுக்கு லூயி நெப்போலியன் பயம் தலைமுறை தலைமுறையா போகல, 1962 வாக்கெடுப்புல தெகால் அத மாத்தினப்பவும் பெரிய எதிர்ப்பு வந்துச்சு. அதனால 1848 டிசம்பருக்கு அடுத்த நேரடி ஜனாதிபதி தேர்தல் நடந்தது 1965 டிசம்பர்ல.